பீச் இலைக் குளியல்

"டீச்சர், வலிக்கலைன்னா அது நோயா?" என்று ஒரு மாணவி என்னிடம் கேட்டாள். முப்பத்தோரு வருடம் நடுநிலைப் பள்ளியில் அறிவியல் நடத்தியவள் நான். அன்றைய பாடம் தவளையின் இதயம். மணி அடிக்க இரண்டு நிமிடம் இருந்தது. "வலிச்சா டாக்டர்கிட்ட போ, வலிக்கலைன்னா வீட்டுக்குப் போ" என்றேன். வகுப்பு சிரித்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை.

அந்தப் பதில் எவ்வளவு தவறு என்று பிற்பாடு என் குடும்பமே எனக்குக் காட்டியது. அதை நான் விளக்குவதைவிட இந்தக் கடிதங்கள் நன்றாகச் சொல்லும். எழுதியவர்கள் மூன்று பேர். ஜப்பானின் சுருஒகாவில் இருக்கும் நான், சுமிஎ. கவாசாகியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்த என் தம்பி கோஸோ. பிரசவத்துக்காக சகாத்தாவில் பிறந்த வீட்டுக்கு வந்திருந்த அவன் மனைவி எத்சுகோ; அவள் பெற்றோர் அங்கே டோஃபு என்னும் சோயாக்கட்டி விற்கும் கடை வைத்திருக்கிறார்கள். எல்லோர் பெயரையும் மாற்றியிருக்கிறேன். வேறெதையும் மாற்றவில்லை.

*

சுருஒகா, 1987 ஜூலை 12

அன்புள்ள கோஸோவுக்கு,

இங்கே மழை விடுவதாயில்லை. துவைத்த துணி மூன்று நாளாக வீட்டுக்குள்ளேயே தொங்குகிறது. என் முழங்கால் வழக்கம்போல வானிலை அறிக்கை வாசிக்கிறது. உன் உடம்பு எப்படி? ஒழுங்காகச் சமைத்துச் சாப்பிடுகிறாயா, கடையில் வாங்கிய நூடுல்ஸிலேயே காலத்தை ஓட்டுகிறாயா?

நேற்று சகாத்தா போய் எத்சுகோவைப் பார்த்தேன். ஏழு மாத வயிறு. டோஃபுக் கடைப் பின்கட்டில் மின்விசிறி முன்னால் ராணி மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். செப்டம்பர் 27 என்று நாள் குறித்திருக்கிறார்கள். கவாசாகியின் புழுக்கத்தில் கிடக்காமல் சீக்கிரமே கிளம்பி வந்தது நல்லதாயிற்று.

அவள் உன்னைப் பற்றிச் சொன்னதைக் கேட்டுச் சிரித்தேன். "ஏப்ரல்ல கம்பெனி டூர் போயிட்டு வந்ததிலேருந்து உங்க தம்பி ரொம்ப நல்லவராயிட்டாரு அண்ணி. பாத்திரம்கூடக் கழுவுறாரு. வருஷத்துக்கு ரெண்டு டூர் அனுப்பச் சொல்லி கம்பெனிக்கு எழுதிப் போடணும்."

உன் மாமனார் கென்கிச்சி ஆகஸ்டு முன்னோர் பண்டிகைக்கு உன்னை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார். "மாப்பிள்ளை வரட்டும், கடற்கரை வெந்நீர் ஊத்துக்கு இழுத்துட்டுப் போறேன். ஒருத்தர் முதுகை ஒருத்தர் தேச்சுவிட்டாத்தானே மாமனார் மாப்பிள்ளை. அதுவரைக்கும் வெறும் விருந்தாளி" என்கிறார். வரும் தேதியை எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா சுமிஎ

*

கவாசாகி, ஜூலை 24

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம்.

வெயில் தாங்கவில்லை. உங்கள் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

பண்டிகைக்கு வர முடியாது. புது எந்திரம் இறக்குகிறார்கள், எங்கள் பிரிவில் யாருக்கும் விடுப்பு இல்லை. மாமனாரிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

ஒன்று கேட்க வேண்டும். எத்சுகோவின் தாய்-சேய் கையேட்டில் இரத்தப் பரிசோதனைப் பக்கம் இருக்கும். கருத்தரித்த புதிதில் இங்கே எடுத்தது. எல்லாம் சரி என்று முத்திரை போட்டிருப்பதாக ஞாபகம். அடுத்த முறை போகும்போது ஒரு தடவை பார்த்துச் சொல்ல முடியுமா? சும்மாதான். அவள் நன்றாகச் சாப்பிடுகிறாளா? வேர்க்குரு மாதிரி ஏதாவது வந்திருக்கிறதா? இங்கே எல்லோருக்கும் வருகிறது.

எனக்குக் கொஞ்சம் காய்ச்சல் இருந்தது. மாத்திரை சாப்பிடுகிறேன். ஒன்றுமில்லை.

கோஸோ

*

சுருஒகா, ஆகஸ்டு 4

அன்புள்ள கோஸோவுக்கு,

மழை நின்று ஒரே நாளில் வெயில் மண்டையைப் பிளக்கிறது. காய்ச்சல் விட்டதா? என்ன மாத்திரை என்று நீ எழுதவில்லை.

கேட்டபடி கையேட்டைப் பார்த்தேன். மார்ச் 6 தேதி. இரத்தவகை, இரத்தச்சோகை, சிபிலிஸ், எல்லாவற்றுக்கும் நேராக முத்திரை. ஒன்றும் இல்லை, எல்லாம் சுத்தம். அப்பா ஆகப்போகிறவனுக்குத் திடீரென்று வரும் பயம் இது. என்னோடு வேலை பார்த்த ஓர் ஆசிரியர் மனைவியின் பிரசவத்துக்கு முந்தைய வாரம் வீட்டுக் கூரை ஓடுகளையெல்லாம் எண்ணிக்கொண்டிருந்தார்.

வேர்க்குரு பற்றி நீ எழுதியது வேடிக்கை. கவாசாகியிலிருந்தே கண்ணு போட்டாயா? எத்சுகோவுக்கு ஒரு வாரமாக உடம்பெல்லாம் வெளிர்சிவப்பாகப் புள்ளி. மார்பில், முதுகில், உள்ளங்கையில், உள்ளங்காலில்கூட. அரிப்பு இல்லை, வலி இல்லை. உன் மாமியார் தோமி கொல்லையில் இருக்கும் பீச் பழ மரத்தில் பாதியை மொட்டையடித்துவிட்டாள். இலையைக் கொதிக்கவைத்து, அந்தத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றி, மகளைத் தினமும் அதில் உட்காரவைக்கிறாள்.

"உள்ளங்கையில வேர்க்குரு வந்து நான் பார்த்ததில்லையே தோமி" என்றேன்.

"நீங்க புஸ்தகத்துல பார்த்திருக்க மாட்டீங்க டீச்சர். எங்க வீட்டுல அம்மா காலத்துலேருந்து கோடையில இதுதான் மருந்து. பத்து நாள்ல போகலைன்னா என் கடையில வந்து ஓசி டோஃபு வாங்கிக்குங்க."

நான் வாயை மூடிக்கொண்டேன். டோஃபு ஆசைதான் காரணம் என்று வைத்துக்கொள்.

நீ வரவில்லை என்றதும் மாமனாருக்கு முகம் விழுந்துவிட்டது. ஒரு வரி எழுதிப் போடு.

அக்கா

*

சகாத்தா, ஆகஸ்டு 15

என்னவருக்கு,

நலமா? நானும் வயிற்றில் இருக்கும் ஆளும் நலம். பண்டிகைக்கு நீங்கள் இல்லாததால் உங்கள் பங்கு அரிசிமாவு உருண்டைகளை அப்பாவும் நானும் பிரித்துக்கொண்டோம். அப்பாவுக்கு இரண்டு, எனக்கு ஐந்து.

முந்தாநாள் போன் பேசியபோது நான் சரியாகப் பேசவில்லை என்று கோபப்படாதீர்கள். போன் கடை முகப்பில் இருக்கிறது. கையில் பாத்திரத்தோடு நான்கு பெண்கள் நின்றிருந்தார்கள். நீங்கள் "கையில இருந்த புள்ளி எப்படி இருக்கு?" என்று கேட்க, நான் "போயிடுச்சுங்க" என்று சொல்ல, அந்தப் பெண்கள் உங்களைத் தங்கமான மனுஷன் என்று பேசிக்கொண்டார்கள். "என் வீட்டுக்காரர் என் கையில விரல் எத்தனைன்னுகூட கவனிச்சதில்ல" என்றாள் ஒருத்தி.

உண்மையாகவே போய்விட்டது. அம்மா தெருவெல்லாம் பீச் இலையின் பெருமை பாடுகிறாள். உங்கள் அக்காவுக்கு ஆள்விட்டுச் சொல்லியனுப்பியிருக்கிறாள், ஓசி டோஃபு கிடையாது என்று.

ஆனால் "போயிடுச்சு" என்றதும் நீங்கள் பெருமூச்சு விட்டீர்களே, அது ஏன்? அவ்வளவு தூரம் கேட்டது. வேர்க்குருவுக்கு அப்படியா கவலைப்படுவார்கள்? இராத்திரி நினைத்துச் சிரித்தேன். பிறகு தூக்கம் வரவில்லை. சூடுதான் காரணம்.

குழந்தை ஒரு நாளைக்கு நாற்பது உதை உதைக்கிறது. எண்ணிக் குறித்து வைக்கிறேன். பெயர் யோசித்தீர்களா?

எத்சுகோ

*

கவாசாகி, ஆகஸ்டு 24

அன்புள்ள அக்காவுக்கு,

நீண்ட நாள் எழுதாததற்கு மன்னிக்கவும். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? நான் நலம்.

எங்கள் பிரிவில் ஒருவர் ஒரு விஷயம் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. நீங்கள் அறிவியல் ஆசிரியர் என்பதால் எழுதுகிறேன். அவருக்குச் சிபிலிஸ் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மருந்து சாப்பிடுகிறார். அவர் மனைவி கர்ப்பமாக இருக்கிறார். மனைவியின் இரத்தத்தை முதலிலேயே சோதித்தபோது நோய் இல்லை என்று வந்திருக்கிறது. அப்படியானால் மனைவிக்கு ஆபத்து இல்லைதானே? மனைவிக்கு வந்த புள்ளிகள்கூடத் தானாகவே மறைந்துவிட்டன என்கிறார். மறைந்துவிட்டால் குணமாகிவிட்டது என்றுதானே அர்த்தம்?

அவர் தூங்குவதில்லை. அதனால் கேட்கிறேன்.

கோஸோ

*

சுருஒகா, ஆகஸ்டு 28

கோஸோ,

இந்த முறை நலம் விசாரிக்கவில்லை. உன் நலம் எப்படி என்று எனக்குத் தெரியும்.

உன் கடிதம் 26ஆம் தேதி மாலை வந்தது. நின்றபடியே படித்தேன். "மனைவிக்கு வந்த புள்ளிகள்" என்ற இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அரிக்காத, வலிக்காத புள்ளி. அதை உனக்கு எழுதியவளே நான்தான். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவளும் நான்தான். டோஃபு பற்றிச் சிரிப்புக் காட்டிக்கொண்டிருந்தேன்.

நூலகம் திறந்திருந்தது. அரை மணி நேரம் படித்தேன். உன் "பிரிவுக்காரர்" கேட்டதற்குப் பதில் இது. புள்ளி மறைந்தால் குணமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. நோய் தோலிலிருந்து உள்ளே போய்விட்டது, அவ்வளவுதான். எலி அறையில் தெரியவில்லை என்றால் பரணுக்குப் போயிருக்கிறது. மார்ச் மாதப் பரிசோதனை மார்ச் மாதத்துக்குத்தான் சாட்சி. பள்ளியில் மழைமானி வைத்திருந்தோமே, மார்ச்சில் அதைப் பார்த்துவிட்டு ஜூலையில் மழையே பெய்யவில்லை என்று சொல்வாயா? தாயின் இரத்தத்தில் இருப்பது தொப்புள்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும். குழந்தை வயிற்றிலேயே இறக்கலாம். பிழைத்தால் கல்லீரல், எலும்பு, கண், காது, எதிலும் கை வைக்கலாம். பிரசவத்துக்கு நான்கு வாரம் முன்பாவது தாய்க்குப் பென்சிலின் தொடங்கிவிட்டால் குழந்தை தப்ப நல்ல வாய்ப்பு உண்டு. நாள்காட்டியைப் பார். செப்டம்பர் 27இலிருந்து பின்னோக்கி எண்ணு.

அதனால் உன் பதிலுக்கு நான் காத்திருக்கவில்லை. நேற்று முதல் ரயிலில் போனேன். மொகாமி ஆற்றங்கரையில் நடக்கலாம் என்று எத்சுகோவை வெளியே அழைத்துப்போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"விளையாடாதீங்க அண்ணி" என்றாள் முதலில்.

பிறகு, "அவர் வாயாலயே சொன்னாரா?"

"யாரோ ஒருத்தருக்குன்னு எழுதியிருக்கான்."

"யாரோ ஒருத்தருக்கு" என்று திரும்பச் சொன்னாள். கரையில் ஒரு கல்லில் உட்கார்ந்து தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தாள். அழவில்லை. "நடங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம். என்னால வேகமா நடக்க முடியாது, கையைக் குடுங்க" என்றாள்.

மருத்துவர் வயதானவர். கையேட்டைத் தட்டிக் காட்டினார். "முத்திரை இருக்கேம்மா. கவாசாகில பெரிய ஆஸ்பத்திரியில எடுத்தது. மறுபடி எதுக்கு? நல்ல குடும்பத்துப் பொண்ணு, வீணா ஏன் சந்தேகப்படுறீங்க?"

நான் மழைமானியைச் சொல்ல வாயெடுத்தேன். எத்சுகோ முந்திக்கொண்டாள். "டாக்டர், சந்தேகம் முடிஞ்சுபோச்சு. ஊசியை எடுங்க."

முடிவு நாளை வரும். இப்போதாவது உன் பெயரிலேயே எழுது.

சுமிஎ

*

கவாசாகி, ஆகஸ்டு 31

அக்கா,

என் பெயரிலேயே எழுதுகிறேன்.

ஏப்ரல் கடைசியில் கம்பெனி டூர், வெந்நீர் ஊற்று ஊருக்கு. சாப்பாடு முடிந்ததும் பிரிவுத் தலைவர் எழுந்து, "வாங்கடா, தெருவைப் பார்த்துட்டு வருவோம்" என்றார். பெண்கள் விலைக்குக் கிடைக்கும் தெரு அது. ஐந்து பேர் போனோம். நான் செருப்பைத் தேடுவது போல் பின்தங்கிப் பார்த்தேன். "என்ன கோஸோ, வீட்டுல அனுமதிச் சீட்டு வாங்கலையா?" என்று சிரித்தார்கள். அதற்குப் பிறகும் போகாமல் இருந்திருக்கலாம். கால் என்னுடையதுதான்.

மே நடுவில் ஒரு புண் வந்தது. வலிக்கவில்லை. யாரிடமும் காட்டவில்லை. மூன்று வாரத்தில் தழும்புகூட இல்லாமல் ஆறியது. தப்பித்தோம் என்று நினைத்து அன்றைக்கு எத்சுகோவுக்கு விலாங்கு மீன் வாங்கிப்போனேன். ஜூலையில் மார்பெல்லாம் புள்ளி. தொழிற்சாலைக் குளியலறையில் யாரும் பார்க்கக்கூடாது என்று கடைசியில் தனியாகக் குளித்தேன். ஊருக்கு வராததற்கும் அதுதான் காரணம். மாமனாரோடு வெந்நீர் ஊற்றில் எப்படிச் சட்டையைக் கழற்றுவேன்?

வீட்டிலிருந்து தூரத்தில் ஒரு மருத்துவரிடம் போனேன். பென்சிலின் கொடுத்தார். "மனைவியைக் கூட்டிட்டு வாங்க" என்றார். ஊருக்குப் போயிருக்கிறாள், பரிசோதனையெல்லாம் சுத்தம் என்றேன். எப்போது எடுத்தது என்று கேட்டார். மார்ச் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "மறுபடி எடுக்கச் சொல்லுங்க, இன்னைக்கே" என்றார். தெரியாமல் செய்தேன் என்று உங்களிடம் பொய் சொல்ல முடியாது. அவர் சொன்னார். என் காதில் விழுந்தது. முத்திரை இருக்கிறதே என்று அதைப் பிடித்துக்கொண்டேன்.

அவளுக்கு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

கோஸோ

*

சகாத்தா, செப்டம்பர் 5

கோஸோ அவர்களுக்கு,

இரத்தத்தில் இருக்கிறது. 29ஆம் தேதி மாலையிலிருந்து மாத்திரை சாப்பிடுகிறேன். முதல் நாள் இராத்திரி குளிர்காய்ச்சல் வந்து பல் கிட்டியது. மருந்து வேலை செய்யும்போது சிலருக்கு அப்படி வருமாம். விடியும்வரை வயிற்றில் கைவைத்துக்கொண்டு உதைகளை எண்ணினேன். நடுவில் ஒரு மணி நேரம் ஒன்றுகூட இல்லை. அந்த ஒரு மணி நேரத்தை உங்களுக்கு எப்படி எழுதுவது?

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். நேராகப் போய்க் கொல்லையில் காயவைத்திருந்த பீச் இலைகளை அள்ளி அடுப்பில் போட்டாள். அவள்மேல் எந்தத் தவறும் இல்லை. அப்பாவிடம் சொல்லவில்லை. அது உங்கள் வேலை.

டூர் பற்றி உங்கள் அக்கா சொன்னார். அதைப் பற்றி இப்போது கேட்க ஒன்றுமில்லை. ஒரே ஒரு கேள்வி. உங்களுக்கு நோய் என்று தெரிந்தது எந்தத் தேதி? அதை மட்டும் எழுதுங்கள். விளக்கம் வேண்டாம். நீங்களும் இப்போது வர வேண்டாம்.

எத்சுகோ

*

கவாசாகி, செப்டம்பர் 8

எத்சுகோ,

ஜூலை 18, சனிக்கிழமை.

கோஸோ

*

சுருஒகா, செப்டம்பர் 17

கோஸோ,

தந்தி கிடைத்திருக்கும். அதில் எழுத முடியாததை இதில் எழுதுகிறேன். பெண் குழந்தை, 15ஆம் தேதி அதிகாலை. பன்னிரண்டு நாள் முந்திவிட்டது. இரண்டு கிலோ முந்நூற்று நாற்பது கிராம். எத்சுகோ நலமாக இருக்கிறாள்.

குழந்தை பிறந்ததும் அழுதது. ஆனால் மூக்கு அடைத்துக்கொண்டு பால் குடிக்கத் திணறியது. வயிறு உப்பியிருந்தது, கல்லீரல் வீங்கியிருக்கிறதாம். மஞ்சள் காமாலையும் இருக்கிறது. உள்ளங்காலில் தோல் உரிகிறது. பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிட்டார்கள். இரண்டு வாரம் நரம்பு வழியாகப் பென்சிலின். எனக்குக் கண்ணாடி வழியாகத்தான் பார்க்கக் கிடைத்தது. என் கட்டைவிரல் அளவு கையில் ஊசியைக் கட்டி வைத்திருக்கிறார்கள்.

குழந்தைகள் மருத்துவர் இளம்பெண். நேராகப் பேசுகிறார். "தாய்க்குப் பதினேழு நாள் மருந்து போயிருக்கு. இன்னும் ரெண்டு வாரம் கிடைச்சிருந்தா இதுல பாதி இருந்திருக்காது. அந்தப் பதினேழும் இல்லேன்னா நான் இப்ப உங்ககிட்ட வேற மாதிரி பேசிட்டு இருந்திருப்பேன்" என்றார்.

எத்சுகோ கட்டிலில் படுத்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டு, "ஜூலை பதினெட்டுலேருந்து ஆகஸ்டு இருபத்தொன்பது. நாற்பத்திரண்டு நாள் அண்ணி" என்றாள்.  அதில் கடைசி மூன்று நாள் என் கையிலும் கடந்தது.

ஏழாம் நாள் பெயர் எழுதி ஒட்டும் சடங்கு 21ஆம் தேதி. குழந்தை ஆஸ்பத்திரியில் இருக்கும். ஆனாலும் வா. எத்சுகோ உன்னை அழைக்கவில்லை. நானும் அழைக்கவில்லை. அவள் அப்பாவிடம் நீ சொல்ல வேண்டியது பாக்கி இருக்கிறது. அதற்காக வா.

அக்கா

*

சகாத்தா, நவம்பர் 20

அன்புள்ள அண்ணிக்கு,

முதல் பனி விழுந்துவிட்டது. முழங்காலைப் போர்த்திக்கொள்ளுங்கள். நாங்கள் இருவரும் நலம். குழந்தை மினோரி மூன்றரைக் கிலோவைத் தாண்டிவிட்டாள். மூக்கடைப்பு போய்விட்டது, கல்லீரலும் சுருங்கிவிட்டது. இரத்தத்தில் அளவு இறங்கிக்கொண்டு வருகிறது. ஆனால் கண்ணையும் காதையும் பள்ளிக்கூடம் போகும் வயதுவரை, அதற்குப் பிறகும்கூட, பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். "நல்லாயிடுச்சா டாக்டர்?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறேன். "இன்னைக்கு நல்லா இருக்கா" என்கிறார் அந்த அம்மாள். நானும் அப்படியே சொல்லப் பழகிக்கொள்கிறேன்.

21ஆம் தேதி நடந்ததை உங்களுக்கு நான் சொல்லவே இல்லை. நீங்கள் சமையலறையில் அம்மாவோடு இருந்தீர்கள். அப்பா டோஃபு வெட்டிக்கொண்டிருந்தார். உங்கள் தம்பி அப்பா முன்னால் மண்டியிட்டு எல்லாவற்றையும் சொன்னார். எதையும் விடவில்லை. புண்ணைச் சொன்னார், மருத்துவர் பேனாவைக் கீழே வைத்ததைச் சொன்னார். அப்பா வெட்டுவதை நிறுத்தவில்லை. சொல்லி முடித்தபின் கத்தியைத் துடைத்து வைத்தார்.

"என் பொண்ணுகிட்ட ஏன் அன்னைக்கே சொல்லல?"

"என்னை விட்டுட்டுப் போயிடுவாளோன்னு பயம் மாமா."

"இப்ப மட்டும்?"

 அப்பா ஒரு டோஃபுவைத் தாளில் சுற்றி அவர் கையில் கொடுத்து, "ரயிலுக்கு நேரமாச்சு" என்றார். அவ்வளவுதான். இன்றுவரை அவர் பெயரை வீட்டில் எடுப்பதில்லை.

போன வாரம் அவரிடமிருந்து கடிதம் வந்தது. வருகிற வசந்தத்து டூருக்குப் பெயர் கேட்டுத் தாள் சுற்றி வந்ததாம். எழுந்து நின்று, தனக்கு என்ன நோய் வந்தது, குழந்தைக்கு என்ன ஆனது என்று பிரிவு முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டாராம். தலைவர், "குடிச்சிருக்கியா? வீட்டுச் சமாச்சாரத்தை இங்க ஏன் கொட்டுற?" என்றாராம். ஒருவர் சிரித்தாராம். ஆனால் அன்று கூடப் போன நால்வரில் இருவர் தனித்தனியாக வந்து மருத்துவர் விலாசம் வாங்கிக்கொண்டார்களாம். அதில் ஒருவருக்குச் சிபிலிஸ் இல்லை, வெட்டை என்கிற வேறொரு பால்வினை நோய். மனைவிக்கும் போயிருக்கிறது. நான்கு வருடமாகக் குழந்தை இல்லை என்று அந்த மனைவியைத்தான் மாமியார் கோயில் கோயிலாக அலையவைத்தாளாம். அந்த நோயால் கருக்குழாய் அடைத்திருக்கிறது என்று இப்போதுதான் தெரிந்ததாம். எப்போது தொடங்கியது என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

அதைப் படித்தபோதுதான் முதல் முறையாக அழுதேன் அண்ணி. யாரென்றே தெரியாத ஒரு பெண்ணுக்காக.

நீங்கள் என்னிடம் மறைக்காமல் சொன்னதற்கு நான் நன்றி சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். அன்று உங்கள் கையைப் பிடித்து நடந்தபோது உங்களைத்தான் அடிக்க வேண்டும் போல் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

எத்சுகோ

*

கவாசாகி, 1988 ஜூன் 19

அன்புள்ள அண்ணிக்கு,

நலம்தானே? நாங்கள் இங்கே வந்து ஒரு மாதம் ஆகிறது. அப்பா ரயிலடிக்கு வரவில்லை. அம்மா வந்தாள்.

அவரை மன்னித்துவிட்டேனா என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். தெரியவில்லை. ஒரு நிபந்தனை வைத்துத்தான் வந்தேன். ஒரே நாளில், ஒரே ஆஸ்பத்திரியில், இருவரும் இரத்தம் கொடுக்க வேண்டும். வருகிற முடிவை அவரவர் பிரிக்கக்கூடாது. அவருடைய உறையை நான் பிரிப்பேன், என்னுடையதை அவர் பிரிப்பார். உரக்கப் படித்த பிறகுதான் அங்கிருந்து எழுந்திருக்க வேண்டும்.

நேற்று போனோம். நடைபாதையில் நீளப் பலகை. மினோரி என் மடியில். அவர் என் உறையைக் கிழிக்கத் தெரியாமல் கிழித்தார். "எத்சுகோ, அளவு நாலுல ஒரு பங்கா இறங்கியிருக்கு, குணமாகுது" என்று படித்தார். நான் அவருடையதைப் படித்தேன். அவருக்கும் இறங்கியிருக்கிறது. பக்கத்தில் ஒரு கிழவர், "இதென்ன, பரீட்சை ரிசல்டா?" என்றார். "ஆமாங்க, ரெண்டு பேரும் எழுதினது" என்றார் இவர். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்திருக்கக்கூடாது என்று கொஞ்ச நேரம் கோபமாக இருந்தேன்.

மினோரியின் உறையை யார் பிரிப்பது என்று நாங்கள் முடிவு செய்திருக்கவில்லை. அவர் என் பக்கம் நீட்டினார். நான் அவர் பக்கம் தள்ளினேன். கடைசியில் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு கிழித்தோம்.

இன்றைக்கு நன்றாக இருக்கிறாள்.

எத்சுகோ

*

கடிதங்கள் இவ்வளவுதான். படித்து முடித்தவர்கள் ஒன்றே ஒன்று செய்து பாருங்கள். உங்களோடு படுக்கையைப் பகிர்ந்துகொள்பவரிடம், கடைசியாக இரத்தப் பரிசோதனை செய்துகொண்ட தேதி எது என்று இந்த வாரத்துக்குள் கேளுங்கள். கேட்பதற்கு முன் உங்கள் தேதியைச் சொல்லுங்கள்.